போதைப்பொருள் எடுப்பவர்களிடம் ஆன்லைன் சர்வே: முதல்முறை இறங்குபவருக்கு

இந்தச் சர்வேயில் நாம் கேட்பது என்ன என்பதை முதலிலேயே உடைத்துச் சொல்லிவிடுகிறேன். முகம் தெரியாத ஒருவரிடம் போய், ‘நீங்கள் செய்த சட்டவிரோதக் காரியத்தை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுங்கள்’ என்கிறோம். போலீஸ், முதலாளி, வீட்டார் என்று யார் கண்ணில் பட்டாலும் வம்பு அவருக்குத்தான், நமக்கில்லை. பதிலுக்கு நாம் கொடுப்பது பெரும்பாலும் ஒரு நன்றிப் பக்கம். கேள்வியை எப்படி எழுதுவது, எந்த மென்பொருளில் ஓட்டுவது, ஆளை எங்கே தேடுவது என்று கீழே வரும் எல்லாமே இதிலிருந்து கிளைப்பதுதான்.

வார இறுதியில் எம்டிஎம்ஏயோ கெட்டமைனோ கஞ்சாவோ எடுத்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்குப் போகிறவர்களைப் பற்றிப் பேசுகிறேன். இவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை மையத்துக்கு வருவதில்லை, கைதாவதும் அபூர்வம். அதனால் மருத்துவமனைப் பதிவேட்டிலும் இல்லை, போலீஸ் கணக்கிலும் இல்லை. வீடு வீடாகப் போய் எடுக்கும் கணக்கெடுப்பில் அகப்பட்டாலும், பக்கத்து அறையில் அம்மா இருக்கும்போது ‘ஆமாம், எடுத்தேன்’ என்று யார் சொல்வார்? எதிரே ஆள் உட்கார்ந்து கேட்பதைவிட, தானே நிரப்பும் படிவத்தில் மக்கள் இதையெல்லாம் கூடுதலாக ஒத்துக்கொள்கிறார்கள் என்று 1990களிலிருந்தே ஒப்பீட்டு ஆய்வுகள் காட்டிவருகின்றன. ஆன்லைன் சர்வேயின் பலம் அங்கேதான் இருக்கிறது.

முதல் படி: ‘எத்தனை பேர்’ என்ற ஆசையை விடுங்கள்

புதிதாக வருகிற எல்லோருக்கும் இந்த ஆசை உண்டு. ‘இளைஞர்களில் இத்தனை விழுக்காட்டினர் கொக்கைன் எடுக்கிறார்கள்’ என்று ஒரு வரி எழுதிவிட வேண்டும். உங்கள் சர்வேயால் அது முடியாது. லிங்க்கைப் பார்த்துத் தாமாகவே வந்தவர்கள்தான் உங்கள் ஆய்வின் மாதிரி (சாம்பிள்). வந்தவர்கள் யார், வராதவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியாது. ஆள் எண்ணிக்கை கூடினால் சரியாகிவிடும் என்று நினைத்தால், 1936 அமெரிக்கத் தேர்தலை நினைத்துக்கொள்ளுங்கள். லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் 1 கோடிச் சீட்டுகளை அஞ்சலில் அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் திரும்பப் பெற்று, குடியரசுக் கட்சி வேட்பாளர் ஆல்ஃப் லாண்டன்தான் ஜெயிப்பார் என்றது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46ஐ அள்ளிக்கொண்டு போனார்.

மனநல மருத்துவர் ஆடம் வின்ஸ்டாக் தொடங்கிய குளோபல் டிரக் சர்வேயில் சில ஆண்டுகளில் 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதில் எழுதியிருக்கிறார்கள். அதை நடத்துபவர்களே தங்கள் எண்களை நாட்டு மக்கள்தொகைக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம் என்று சொல்கிறார்கள். 200 பேரோடு நிற்கும் நமக்கு அந்த அடக்கம் இன்னும் அதிகம் தேவை.

‘எப்படி’ என்று கேளுங்கள், அங்கே இந்த முறை வாரிக் கொடுக்கும். எதை எதோடு கலக்கிறார்கள், மூக்கிலா வாயிலா, எங்கே வாங்குகிறார்கள், எப்போது உடம்புக்கு முடியாமல் போனது, அப்போது ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்களா, கூப்பிடவில்லையென்றால் எதற்குப் பயந்தார்கள்? புதிதாக எது வந்திருக்கிறது என்பதும் இங்கேதான் முதலில் தெரியவரும். பிரிட்டனில் மிக்ஸ்மேக் என்ற நடன இசைப் பத்திரிகை 2009 கடைசியில் நடத்திய வாசகர் சர்வேயில் மெஃபெட்ரோன் என்ற புதிய போதைப்பொருள் பெரிய அளவில் எட்டிப் பார்த்தது. 2010 ஏப்ரலில் அது தடைசெய்யப்பட்டது. நாடு தழுவிய அதிகாரபூர்வக் கணக்கெடுப்பில் அதன் பெயர் கேள்வியாக இடம்பெற்றது 2010-11 சுற்றில்தான்.

உங்கள் ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியமாக எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அதற்குத் தேவைப்படாத கேள்வி எதுவும் படிவத்தில் இருக்கக் கூடாது.

இரண்டாம் படி: நெறிமுறைக் குழு

பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ இருந்தால், ஆய்வில் பங்கேற்பவருக்குத் தீங்கு வராமல் பார்க்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி இல்லாமல் ஒரு லிங்க்கைக்கூட வெளியே விடாதீர்கள். குழு கேட்பது பெரும்பாலும் மூன்று விஷயங்கள்: 18 வயதுக்குக் கீழே உள்ளவர் வந்தால் என்ன செய்வீர்கள், தரவு எங்கே எத்தனை காலம் இருக்கும், நீதிமன்றம் கேட்டால் என்ன செய்வீர்கள். மூன்றாவது கேள்விக்குத்தான் புதியவர்கள் திணறுவார்கள். அமெரிக்காவில் தேசிய சுகாதார நிறுவனங்களின் நிதி பெறும் ஆய்வுகளுக்கு ரகசியக் காப்புச் சான்றிதழ் என்று ஒன்று உண்டு. பங்கேற்பாளர் யாரென்று காட்டும் தகவலை நீதிமன்றத்துக்கும் தர மறுக்க அது வழி செய்கிறது. ஐரோப்பாவில் 2018 மே முதல் அமலில் உள்ள ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைத் தனி வகையாக வைத்துக் கூடுதல் காப்புக் கேட்கிறது. வேறு பல நாடுகளில் ஆய்வாளருக்கென்று அப்படி எந்தக் கவசமும் கிடையாது. உங்கள் நாட்டுச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஒப்புதல் பக்கத்தை எழுத வேண்டும். எப்படியிருந்தாலும், கையில் இல்லாத தரவை எந்தச் சம்மனும் பிடுங்க முடியாது. அடுத்த படி அதைப் பற்றித்தான்.

மூன்றாம் படி: எதையெல்லாம் சேர்க்காமல் இருப்பது

என் முதல் சர்வேயின் ஒப்புதல் பக்கத்தில் ‘உங்களை அடையாளம் காட்டும் எதையும் நாங்கள் சேகரிப்பதில்லை’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். முதல் நாள் இரவு, எத்தனை பேர் வந்தார்கள் என்று பார்க்கத் தரவைத் தரவிறக்கித் திறந்தேன். முதல் நெடுவரிசையில் தொடங்கிய நேரம். இரண்டாவதில் முடித்த நேரம். மூன்றாவதில் ஐபி முகவரி, அதாவது அவருடைய இணைய இணைப்பின் எண். இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் நகர்த்தினால் அட்சரேகை, தீர்க்கரேகை. மென்பொருள் தானாகவே அப்படித்தான் அமைந்திருந்தது. ‘அநாமதேயப் பதில்’ என்ற பொத்தானை நான் அழுத்தியிருக்கவில்லை. 31 பேருக்கு நான் சொன்னது பொய்யாகிவிட்டது. அந்தக் கோப்பை அழித்தேன், குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன், சர்வேயை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். நீங்கள் லிங்க்கை வெளியிடும் முன் நீங்களே ஒருமுறை நிரப்பி, தரவைத் தரவிறக்கி, ஒவ்வொரு நெடுவரிசையையும் கண்ணால் பாருங்கள்.

ஐபியை அப்படியே வைக்காமல் ஹாஷ் செய்து, அதாவது ஒரு கணக்கின் வழியே புரியாத குறியீடாக மாற்றி வைத்தால் போதாதா என்று கேட்பார்கள். பழைய வகை ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். அத்தனையையும் ஹாஷ் செய்து ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரணக் கணினிக்கே அதிக நேரம் பிடிக்காது. வைக்காமல் விடுவதே மேல்.

பெயர் இல்லாவிட்டாலும் ஆள் தெரிந்துவிடும். பிறந்த தேதி, பாலினம், 5 இலக்க அஞ்சல் குறியீடு, இந்த மூன்றை வைத்தே அமெரிக்கர்களில் ஏறத்தாழ 87 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காணலாம் என்று லதான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டு கணக்கிட்டார். ஆகவே பிறந்த தேதி வேண்டாம், வயது வரம்பு போதும். ஊர் வேண்டாம், மாநிலமோ நாடோ போதும். தொழிலைத் தட்டச்சு செய்யச் சொன்னால் ‘விமானி’ என்று எழுதுவார். ஐந்தாறு பொது வகைகளில் ஒன்றைத் தேர்வு செய்யச் சொல்லுங்கள்.

பரிசுக் குலுக்கல் வைத்தால் மின்னஞ்சல் வாங்க வேண்டியிருக்கும். அதைத் தனிப் படிவத்தில் வாங்குங்கள் என்று எல்லா வழிகாட்டியும் சொல்லும். ஆனால் இரண்டு படிவமும் நேரத்தைப் பதிகின்றன. 22:14:05க்குச் சர்வேயை முடித்தவர்தான் 22:14:31க்கு மின்னஞ்சல் கொடுத்தவர் என்று சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். நேரப் பதிவை நிறுத்துங்கள், முடியாவிட்டால் தரவிறக்கியதும் அந்த நெடுவரிசையை நீக்கி வரிசையைக் கலைத்துவிடுங்கள்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். விளம்பர நிறுவனங்களின் கண்காணிப்பு நிரல் சர்வே பக்கத்தில் இருக்கவே கூடாது. பக்கத்தின் தலைப்பும் முக்கியம். ‘போதைப்பொருள் சர்வே’ என்று வைத்தால் அது உலாவி வரலாற்றிலும், பகிரும்போது வாட்ஸாப் முன்னோட்டத்திலும் தெரியும். ‘உடல்நலச் சர்வே 4’ என்று வையுங்கள்.

நான்காம் படி: கேள்விகள்

சரி, எழுத உட்காருவோம். முதல் வரைவில் புதியவர்கள் எழுதுவது பெரும்பாலும் இப்படி இருக்கும்:

‘நீங்கள் எவ்வளவு அடிக்கடி போதைப்பொருளைத் தவறாகப் பயன்படுத்துகிறீர்கள்? எப்போதாவது / சில சமயம் / அடிக்கடி’

இதில் மூன்று கோளாறு. ‘தவறாக’ என்ற சொல்லே தீர்ப்பு. படித்த நிமிடமே ஆள் ஜன்னலை மூடிவிட்டுப் போவார். ‘போதைப்பொருள்’ என்றால் எது? கஞ்சாவை அந்தக் கணக்கில் சேர்க்காதவர்கள் நிறைய இருக்கிறார்கள். ‘அடிக்கடி’ என்பது ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு முறை, இன்னொருவருக்கு வருடத்துக்கு நான்கு. மாற்றி எழுதினால்:

‘எக்ஸ்டஸி மாத்திரையை வாழ்நாளில் ஒருமுறையாவது எடுத்திருக்கிறீர்களா? கடைசி 12 மாதங்களில்? கடைசி 30 நாட்களில் எத்தனை நாட்கள்?’

வாழ்நாள், 12 மாதம், 30 நாள் என்ற இந்த மூன்று அடுக்கு உலகம் முழுக்கப் புழங்குவதால் பிறர் ஆய்வோடு ஒப்பிடவும் வசதி. ‘எத்தனை முறை’ என்று கேட்காமல் ‘எத்தனை நாட்கள்’ என்று கேட்கிறேன் பாருங்கள், காரணத்தை ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

வரிசையில் ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ‘ஆம்’ என்றதும் உடனே பத்துத் துணைக்கேள்வி வந்து விழுந்தால், மூன்றாவது பொருளுக்குள் ஆள் சுதாரித்துக்கொள்வார். நான்காவதிலிருந்து எல்லாம் ‘இல்லை’தான். அதனால் எல்லாப் பெயர்களுக்கும் ஆம்/இல்லையை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு ஆம் என்றவற்றுக்கு மட்டும் துணைக்கேள்வி. பத்துப் பொருளுக்கு ஆம் என்றவரிடம் பத்தையும் குடையாதீர்கள். அவருக்கு மட்டும் சர்வே 50 நிமிடம் ஓடும், உங்களுக்கு மிகவும் வேண்டிய ஆளே பாதியில் எழுந்துபோய்விடுவார். உங்கள் ஆய்வுக்கு வேண்டிய இரண்டை எடுங்கள்.

பெயர்ப் பட்டியலைத் தெருவில் புழங்கும் பெயரோடு போடுங்கள். மாத்திரையாக வரும் எக்ஸ்டஸியையும் தூளாக வரும் எம்டிஎம்ஏயையும் தனித்தனியாகக் கேட்பது நல்லது, இரண்டும் வேறு என்றே பலர் நினைக்கிறார்கள். இன்னொன்று: அவர் எடுத்தது என்னவென்று அவருக்கே நிச்சயமில்லை. எம்டிஎம்ஏ என்று வாங்கியதில் வேறு ஏதாவது இருந்திருக்கலாம். ‘எம்டிஎம்ஏ எடுத்தீர்களா’ என்பதைவிட ‘எம்டிஎம்ஏ என்று சொல்லப்பட்டதை எடுத்தீர்களா’ என்பது நேர்மையான கேள்வி. சோதித்துப் பார்த்தாரா என்றும் கேளுங்கள்.

நிஜத்தில் இல்லாத பொருள் ஒன்றின் பெயரை நீங்களே இட்டுக்கட்டிப் பட்டியலில் செருகலாம். பள்ளி மாணவர் ஆய்வுகளில் வெகுகாலமாகவே இருக்கும் தந்திரம் இது. அதற்கும் ‘ஆம்’ என்றவர் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்கிறார் என்று அர்த்தம். அப்படி ஒரு பெயர் நிஜமாகவே எங்கேயும் இல்லையா, வேறு பெயரோடு குழம்புமா என்று தேடிப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். நிஜமாகவே குழம்பியவரும் இருப்பார்; அந்த ஒரு டிக்கை மட்டும் வைத்து யாரையும் வெளியே தள்ளாதீர்கள்.

அளவு கேட்கும்போது கிராமைக் கட்டிக்கொண்டு அழ வேண்டாம். யாரும் வீட்டில் தராசு வைத்திருப்பதில்லை (வைத்திருப்பவர்கள் உங்களுக்குச் சொல்வார்கள்). மாத்திரை, கோடு (மூக்கில் இழுக்கக் கோடாகப் போடும் தூள்), ஜாயிண்ட் (கஞ்சாச் சுருட்டு) என்று அவர் எண்ணுகிற அலகைத் தேர்வு செய்ய விடுங்கள். ‘சராசரியாக எவ்வளவு’ என்றால் அவர் ஒரு எண்ணை உருவாக்கிக் கொடுப்பார். ‘கடைசியாக எடுத்த அன்று எவ்வளவு’ என்றால் நினைவிலிருந்து எடுத்துக் கொடுப்பார்.

சார்புநிலையை, அதாவது ஒருவர் எவ்வளவு அடிமையாகியிருக்கிறார் என்பதை அளக்க நீங்களாகக் கேள்வி தைக்காதீர்கள்; அதற்கு ஆயத்தக் கேள்வித்தொகுப்புகள் இருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் அசிஸ்ட் 8 கேள்விகளில் இதைச் செய்கிறது, டூடிட் 11 கேள்விகளில். மதுவுக்கு 10 கேள்வி ஆடிட் இருக்கிறது. எடுத்தால் அப்படியே எடுங்கள். இரண்டு சொல்லை மாற்றிவிட்டால் மதிப்பெண் வரம்புகள் செல்லாது.

சங்கடமான கேள்விக்குப் பயமில்லாமல் பதில் வாங்க 1965இல் ஸ்டான்லி வார்னர் என்ற ஆய்வாளர் ஓர் உத்தியைக் கொண்டுவந்தார். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறோம் என்பதைச் சீட்டுப் போல ஏதோ ஒரு குலுக்கல் தீர்மானிக்கும். யார் எதற்கு ஆம் என்றார் என்று ஆய்வாளருக்கே தெரியாது, மொத்த விகிதம் மட்டும் கணக்கில் வரும். கேட்க அழகாக இருக்கிறது. நான் ஒருமுறை காசு சுண்டச் சொல்லிச் செய்து பார்த்தேன். கருத்துப் பெட்டியில் ‘காசு எதுக்குங்க?’ என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

மற்றபடி: போனில்தான் நிரப்புவார்கள், கட்டம் போட்ட அட்டவணைக் கேள்வி வேண்டாம். எந்தக் கேள்வியையும் கட்டாயமாக்காதீர்கள், ‘சொல்ல விரும்பவில்லை’ எப்போதும் இருக்கட்டும். 15 நிமிடத்துக்கு மேல் போகாமல் பாருங்கள்.

ஐந்தாம் படி: எடுப்பவர்களிடமே காட்டுங்கள்

ஆறேழு பேர் போதும், ஆனால் அவர்கள் அந்த உலகத்து ஆட்களாக இருக்க வேண்டும். நேரத்துக்குப் பணம் கொடுங்கள். கேள்வியைச் சத்தமாக வாசித்து, மனதில் ஓடுவதை அப்படியே சொல்லச் சொல்லுங்கள். ‘கடந்த மாதம் கெட்டமைன் எத்தனை முறை எடுத்தீர்கள்’ என்ற என் கேள்வியை ஒரு பெண் வாசித்துவிட்டு நிமிர்ந்தார். “சனிக்கிழமை ராத்திரி எட்டு கோடு போட்டேன். அது எட்டு முறையா, ஒரு முறையா?” என்றார். அடுத்தவரைக் கேட்டேன், அவர் ஒன்று என்றார். அதற்கடுத்தவர் எட்டு என்றார். அன்றிலிருந்து எனக்கு ‘முறை’ கிடையாது, ‘நாட்கள்’தான்.

ஆறாம் படி: ஆள் சேர்ப்பது

புளூலைட், ரெட்டிட் போன்ற தளங்களில் போதைப்பொருள் பற்றிப் பேசும் குழுக்கள் இருக்கின்றன. லிங்க்கை ஒட்டிவிட்டு ஓடினால் ஒரு மணி நேரத்தில் நீக்கிவிடுவார்கள், நீக்கவும் வேண்டும். முதலில் நடத்துநருக்கு எழுதுங்கள். உங்கள் நிஜப் பெயர், நிறுவனப் பக்கம், அனுமதி எண் எல்லாம் இருக்கட்டும். இடுகை போட்டபின் அங்கேயே இருந்து பதில் சொல்லுங்கள். ஆஸ்திரேலிய ஆய்வாளர் மோனிகா பாரட் இப்படிக் களத்தில் இறங்கிப் பேசுவதை ஆய்வு முறையின் பகுதியாகவே கருதி எழுதியிருக்கிறார். ‘நீ போலீஸா?’ என்ற கேள்வி நிச்சயம் வரும். கோபப்படாதீர்கள், நியாயமான கேள்வி.

ஒரே இடத்தில் மட்டும் தேடினால் அந்த இடத்தின் குணம்தான் தரவில் வரும். இத்தகைய சர்வேக்களுக்கு வருகிறவர்கள் இளைஞர்களாக, நன்கு படித்தவர்களாக இருப்பது வழக்கம். இசை விழா, தீங்கு குறைப்பு அமைப்பு (எடுப்பவருக்கு வரும் ஆபத்தைக் குறைக்க உதவுவது), நண்பர் வழி நண்பர் என்று பல வாசல்கள் வையுங்கள். ஒவ்வொரு வாசலுக்கும் தனி லிங்க் கொடுத்தால் யார் எங்கிருந்து வந்தார் என்று கூட்டமாகத் தெரியும், தனி ஆளாகத் தெரியாது.

ஏழாம் படி: போலிப் பதில்கள்

‘முதல் 100 பேருக்குப் பரிசுக் கூப்பன்’ என்று பொதுவெளியில் போட்டால், விடிவதற்குள் 100 பதிலும் வந்துவிடும். மனிதர்கள் எழுதியதாக இருக்காது. கூப்பனுக்காகவே அலையும் போட்கள் (தானியங்கி நிரல்கள்) இப்போது கருத்துப் பெட்டியையும் கோர்வையாக நிரப்புகின்றன. பரிசு வைத்தே தீரவேண்டுமென்றால் குலுக்கலாக வையுங்கள், பொது இடுகையில் தொகையைச் சொல்லாதீர்கள். நிரப்புவது மனிதர்தானா என்று சோதிக்கும் கேப்ட்சா போடுங்கள். மனிதர் கண்ணுக்குத் தெரியாத ஒரு மறை கேள்வி வையுங்கள், அதை நிரப்பியது போட். முரண்பாடுகளைத் தேடுங்கள்: வயது 22, முதன்முதலில் எடுத்த வயது 25. இரண்டு நிமிடத்தில் முடித்தவை, சொல்லுக்குச் சொல் ஒரே கருத்து. எதை நீக்குவோம் என்ற விதியைத் தரவைப் பார்க்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். பார்த்தபின் எழுதினால் பிடிக்காத பதில்தான் போலியாகத் தெரியும்.

எட்டாம் படி: கடைசிப் பக்கம்

பிரசங்கம் வேண்டாம். அந்தந்த நாட்டின் உதவி எண்களும், மாத்திரைப் பரிசோதனைச் சேவை இருந்தால் அதன் முகவரியும் போதும். யாராவது கருத்துப் பெட்டியில் ‘வாழப் பிடிக்கவில்லை’ என்று எழுதக்கூடும். அநாமதேயச் சர்வேயில் அவரைத் தேடிப் போக உங்களுக்கு வழியே இல்லை. ஆகையால் ஒப்புதல் பக்கத்திலேயே ‘நீங்கள் எழுதுவதை உடனுக்குடன் யாரும் படிப்பதில்லை’ என்று சொல்லி, அங்கேயே உதவி எண்ணையும் கொடுங்கள். பாதியில் வெளியேறுபவருக்கும் அது கண்ணில் பட வேண்டும்.

ஒன்பதாம் படி: எழுதுவது

இணையச் சர்வேயை எப்படி அறிவிப்பது என்பதற்கு குந்தர் ஐசன்பாக் 2004இல் வெளியிட்ட செர்ரீஸ் என்ற சரிபார்ப்புப் பட்டியல் இருக்கிறது. எத்தனை பேர் பக்கத்தைப் பார்த்தார்கள், எத்தனை பேர் தொடங்கினார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று தொடங்கி வரிசையாகக் கேட்கும். கட்டுரை எழுதும்போது பார்ப்பதைவிட, படிவம் கட்டும்போதே பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு விழுக்காட்டுக்கு முன்னும் ‘பதிலளித்தவர்களில்’ என்ற சொல் இருக்கட்டும். செய்தியாளர் அதை வெட்டிவிடுவார், பத்திரிகைக் குறிப்பின் தலைப்பிலேயே அதைப் போட்டுவிட்டால் வெட்டுவது கொஞ்சம் கடினம். அட்டவணைக் கட்டத்தில் ஐந்து பேருக்குக் கீழே வந்தால், ஆள் தெரிந்துவிடாமல் இருக்கப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள்.

முடிவுகளை ஆள் சேர்த்த அதே இடங்களில், அவர்கள் மொழியில், ஒரு பக்கமாக எழுதிப் போடுங்கள். நான் போட்டபோது வந்த முதல் பதிலில் பாராட்டு எதுவும் இல்லை. ‘உங்கள் பட்டியலில் 6ஆவது பெயரும் 13ஆவது பெயரும் ஒரே சரக்கு. ரெண்டு தடவை எண்ணிட்டீங்க’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அட்டவணையைத் திருத்தி, திருத்தக் குறிப்போடு மறுபடி போட்டேன்.